பீரோவுக்குள் பூட்டிய ரவுட்டர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதற்கு மேல் இனிக்க இனிக்க எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொன்னால் குறுக்கே விழுந்து பேசுவாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன், முழுதாகப் படி.

செவ்வாய்க்கிழமை நான் வெளியே போயிருந்த நேரத்தில் நீ அம்மாவை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாய். மறுநாள் எனக்குச் செய்தி அனுப்புகிறாய், வேலை ஒப்பந்தத்தை இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கச் சொல்றாங்க, அம்மாகிட்ட கேட்டேன், சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டாங்க, அடுத்த மாசக் கடைசியில கையெழுத்துப் போடறேன் என்று. அதே மூச்சில், படம் அடிக்கடி நின்னு போகுது, வேகமான இணைப்பும் புது ரவுட்டரும் சொல்லியிருக்கேன், ஆள் வருவார் என்று. நான்கு வருடத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கும் ஒரே செய்தியில் இடம் கொடுத்தாயே, உன் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது.

பிள்ளை என்ன சொன்னான் என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கென்னங்க தெரியும், நடந்துக்கிட்டே பேசினான், பாதியில படம் நின்னுடுச்சு, அவன் முகம் சிரிச்ச மாதிரியே நின்னுது, நானும் சிரிச்சுத் தலையை ஆட்டி வச்சேன் என்றாள். காதில் கருவி வைத்தும் அவளுக்குப் பாதிப் பேச்சு வாயசைவில்தான் புரிகிறது என்பது உனக்குத் தெரியாதா? டாக்டர் அதை உன் எதிரில்தானே சொன்னார்? முக்கியமா ஏதும் சொன்னானா என்று அவள் திருப்பிக் கேட்டாள். வழக்கமான பேச்சுதான் என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. சொல்ல வைத்தவன் நீ.

வெள்ளிக்கிழமை ரவுட்டர் மாற்ற ஆள் வந்தார். மாற்றுவதற்கு முன் அளந்து காட்டுங்கள் என்றேன். அம்மா உட்காரும் கூடத்து நாற்காலியருகே, நாம் வாங்கியிருக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி எங்க சார் என்றார். படுக்கையறை இரும்பு பீரோவைத் திறந்து காட்டினேன். வயரைத் தன் லேப்டாப்பில் நேராகச் சொருகிப் பார்த்தார், வேகம் முழுதாக வந்தது. என்னையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரும்புக்குள்ள பூட்டி வச்சுட்டு வேகம் வரலன்னா அது பாவம் என்ன சார் பண்ணும் என்றார். நீ பள்ளிக் கடைசி வருடத்தில் ஓயாமல் கேம் ஆடுகிறாய் என்று, பின்பக்கம் துளை போட்டு வயரை விட்டு, இஷ்டத்துக்கு நீ அதைப் போட முடியாதபடி பூட்டியவன் நான்தான். உன் தேர்வு முடிந்து, கல்லூரி முடிந்து, நீ விமானம் ஏறி ஐந்து வருடமாகியும் அதை வெளியே எடுக்க எனக்கும் தோன்றவில்லை, சாவி வைத்திருந்த அம்மாவுக்கும் தோன்றவில்லை, எல்லாம் தெரிந்த உனக்கும் தோன்றவில்லை. இதில் என் கோபத்தில் பாதி என்மேல்தான், மீதி உனக்கே.

பெட்டியைக் கூடத்து அலமாரி மேல் வைத்துவிட்டு உன் அத்தையை வீடியோவில் கூப்பிட்டோம். அவள் மூக்குக்கண்ணாடியில் இருந்த விரல்ரேகைவரை தெரிந்தது, துடைச்சுட்டு வாங்க அண்ணி என்று அம்மா அதட்டினாள். ரெண்டு பேருக்கு இதுவே தாராளம் சார் என்று அந்த ஆளே சொல்லிவிட்டார். புதுப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், வேக இணைப்பும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்காக என்னிடம் சண்டைக்கு வராதே.

கையெழுத்துப் போடாதே என்று ஏற்கெனவே செய்தி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த முதல் ஞாயிறு காலை அம்மாவைக் கூப்பிடு. ஓரிடத்தில் உட்கார், வெளிச்சம் முகத்தில் விழட்டும், உதட்டை மூடும் அந்த மீசையைக் கத்தரி. கேட்டதையே மறுபடி கேள். அவள் சரி என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். வேண்டாம் என்றால் அதையும் முழுதாகக் கேட்டுக்கொள். நானே அவளுக்கு எழுதிக் காட்டியிருக்கலாம், மாட்டேன். நான்கு வருடம் என்று சொல்லும்போது நீ அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிறை மறந்துவிடாதே.

கோபம் தணியாத,
அப்பா