கம்பி இறங்குகிறது, கௌரி

என் அன்பு மச்சாள் கௌரிக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி சிவம் மறுபடியும் கடலுக்குப் போகிறான். கரையில் நின்று வேடிக்கை பார்க்க அல்ல, பூபாலண்ணையின் படகில் இயந்திரம் பார்க்கிறவனாகவே போகிறான். இதை உனக்கு நேரே சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? கையிலிருந்த திருகுசாவியைக் கீழே போட்டுவிட்டு, "பொய் சொல்லாதை" என்றிருப்பாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ என் மாமாவின் மகள். போரில் சம்பூர் வெறிச்சோடிப் போன அந்த வருடம், ஒரு பள்ளிக்கூடப் பையோடும் கையில் பிடித்த சிவத்தோடும் எங்கள் உப்புவெளி வீட்டுக்கு வந்தவள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தீர்கள். ஒரே பாயில் படுத்து, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய், தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சேர்ந்தே போனோம். உனக்கு வரைபடம் பிடிக்கும், எனக்கு லேத்தில் உலோகம் கடைவது பிடிக்கும். பிறகு உள்துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, தண்ணீர் பம்பும் படகு இயந்திரமும் திருத்தத் தொடங்கினோம். "அந்தப் பொம்பிளையளின்ரை பட்டறை" என்று ஊரில் பெயர். பெயர் இப்போதும் அதுதான், ஆள் மட்டும் ஒன்று குறைந்துவிட்டது.

சிவத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். படகின் இயந்திரத்திலிருந்து பின்பக்க விசிறிக்குப் போகிற இரும்புத் தண்டு, சாஃப்ட், கடல் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் புஷ் என்கிற ஒரு உலோக உருளைக்குள் சுற்றுகிறது. அந்த புஷ்ஷுக்குக் கிறீஸ் கொடுக்க அதன் தலையிலேயே ஒரு பித்தளைக் கப். உள்ளே கிறீஸை நிரப்பி மூடியைத் திருகினால், மூடி இறங்க இறங்கக் கிறீஸ் உள்ளே போகும். மிகவும் எளிய பொருள். ஆனால் பூபாலண்ணையின் படகில் அது பலகைத் தளத்துக்குக் கீழே, சுற்றுகிற சாஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடுகிற படகில் வயிற்றில் ஊர்ந்து போய்க் கையை நீட்டித்தான் திருக வேண்டும். சிவம் அப்படித்தான் நீட்டினான். சட்டைக் கை சாஃப்டில் இருந்த போல்டில் மாட்டியது. வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் சனம் விதியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. நீ ஒருத்திதான், "அந்தக் கப் எந்த இடத்திலை இருந்தது?" என்று பூபாலண்ணையைக் கேட்டாய். அடுத்த நாள் இயந்திரத்தை நிறுத்திவைத்து, நீயே அந்தப் பலகைக்கடியில் ஊர்ந்து போனாய். முகமெல்லாம் கறுப்பு எண்ணெயோடு பட்டறைக்கு வந்து சொன்னாய்:

"வசந்தி, அந்தக் கப்பை அங்கை வைச்சவன் ஒருநாளும் ஓடுற போட்டிலை அதைத் திருகிப் பார்த்திருக்க மாட்டான். கிறீஸ் புஷ்ஷுக்குத்தான் போகோணும். கப் அங்கை இருக்கோணும் எண்டு ஆர் சொன்னது?"

அதற்குப் பிறகு மற்றப் படகுக்காரர்களும் கீழே இறங்கப் பயந்தார்கள். பயந்ததில் பிழை இல்லை. ஆனால் கிறீஸ் போடாமல் ஓடியதில் புஷ் தேய்ந்து, இடைவெளியால் உப்புத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கையைக் காப்பாற்றினால் படகு போகும், படகைக் காப்பாற்றினால் கை போகும் என்ற நிலை. நீ சாப்பிடும்போதும் அதையே யோசித்தாய்.

கப்பை மேலே, படகோட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பலகைச் சுவரில் பொருத்தி, அங்கிருந்து புஷ்ஷுக்கு ஒரு செப்புக் குழாய் இழுப்பது உன் முதல் யோசனை. செய்து பார்த்தோம். குழாய் நீளம், கிறீஸ் தடிப்பு, மூடியைத் திருகக் கை நோகும். நான் மூடியின் திருகு புரியை நெருக்கமாக வெட்டிக் கொடுத்தேன். திருகுவது இலேசாகியது, ஆனால் ஒரு பொட்டுக் கிறீஸ் இறங்குவதற்குள் எத்தனையோ சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. இயந்திரத்தின் அதிர்வில் மூடி தன்பாட்டில் கழன்றும் வந்தது.

அப்போதுதான் உனக்கு ஸ்பிரிங் மேல் காதல் வந்தது. கப்புக்குள் தோல் வாசர் வைத்த ஒரு தட்டு, அதன் மேல் ஸ்பிரிங். நிரப்பி மூடிவிட்டால் ஸ்பிரிங் தானே தள்ளிக்கொண்டிருக்கும், ஆரும் திருகத் தேவையில்லை. அழகாகத்தான் இருந்தது. படகு கரையில் நின்ற இரவு முழுக்கவும் அது தள்ளிக்கொண்டேயிருந்ததுதான் பிரச்சினை. காலையில் போய்ப் பார்த்தால் கப் காலி, கிறீஸ் முழுக்கப் படகின் அடியில். பூபாலண்ணை தலையிலே கையை வைத்துக்கொண்டு, "பிள்ளையள், என்ரை போட்டுக்கு வயித்தாலை போகுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் சண்டை பிடித்தோம். ஞாபகம் இருக்கிறதா?

"மனிசர் மறப்பினம், வசந்தி. அலை அடிக்கேக்கை ஆருக்குக் கிறீஸ் ஞாபகம் வரும்? கப் தானாய்ச் செய்யோணும்."

"தானாய்ச் செய்யிறது நிண்டு போனா ஆருக்குத் தெரியும்? மூடிக்குள்ளை என்ன நடக்குதெண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டாமோ? நான் திருகுற கப்பைத்தான் நம்புவன்."

"உனக்கு லேத்திலை புரி வெட்டுறது எண்டா விருப்பம். அதுதான் கதை."

இரண்டு பேரும் ஒரு கொட்டகைக்குள் இருந்துகொண்டே சில நாட்கள் கதைக்காமல் வேலை செய்தோம். தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போவாய், நான் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். அந்த நாட்களில்தான் உன் கால்கள் வீங்கத் தொடங்கின. சிறுநீரகம் என்று டொக்டர் சொன்னபோது கோபம் எங்கே போனது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு உன்னைப் பொருத்தியதும், நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். நீ அந்த இயந்திரத்தின் பம்ப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாய். தாதியிடம், "மிஸ், இதுக்கு ஆர் கிறீஸ் போடுறது?" என்று கேட்டாய். அவ, "உங்களுக்கு வேறை கவலை இல்லையோ அக்கா?" என்று சிரித்தா. ஒருநாள் அப்படிப் படுத்திருக்கும்போதே என் கையைப் பிடித்தாய்.

"வசந்தி, ஸ்பிரிங்கை ஆராவது பிடிச்சு வைச்சிருந்தா?"

"ஆர் பிடிக்கிறது?"

"தட்டிலை ஒரு கம்பியைப் பொருத்து. அது மூடிக்கு நடுவாலை வெளியிலை வரட்டும். கம்பியிலை புரி வெட்டு. உனக்குத்தான் விருப்பமே. மேலை காது வைச்ச ஒரு நட். நட்டை மூடியோடை இறுக்கினா ஸ்பிரிங் அசைய ஏலாது, கரையிலை கிறீஸ் போகாது. கடலுக்குப் போகேக்கை நட்டைக் கொஞ்சம் மேலை கழட்டி விட்டா, அந்தளவுக்குத்தான் தட்டு இறங்கும். நட் மூடியிலை முட்டினா நிண்டிடும்."

நான் அதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். நட்டை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு கிறீஸ். அதைவிட ஒரு சொட்டுக் கூடப் போகாது. கிறீஸ் இறங்க இறங்க, கம்பியும் கூடவே இறங்கும். வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு உள்ளே நடப்பது தெரியும்.

"நான் கேட்டதும் இதுக்குள்ளை இருக்குதடி" என்றேன்.

"ஓம். உன்னோடை சண்டை பிடிச்சதாலை வந்தது" என்றாய்.

அதைச் செய்து முடிக்க உனக்கு நாள் கிடைக்கவில்லை. உன்னைச் சம்பூரில் அடக்கம் செய்த பிறகு நான் பட்டறையைத் திறக்கவேயில்லை. திறந்தால் உன் வரைபலகையைப் பார்க்க வேண்டும். கடைசியில் என்னைத் திறக்க வைத்தது சிவம்தான். ஒரு காலை வந்து வாசலில் நின்றான். "மச்சாள், அக்கா சொன்ன கப் எந்தளவிலை இருக்கு?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் சாவியை எடுத்தேன்.

லேத்தில் பித்தளை சுருள் சுருளாக விழ, எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் வேலை நடந்தது. முதல் ஸ்பிரிங் சோர்ந்து நின்றது, அடுத்தது அடங்காமல் தோல் வாசரைக் கிழித்தது. செருப்புத் தைப்பவரிடம் தடித்த தோல் வாங்கி எண்ணெயில் ஊறவைத்தேன், அது பிடித்துக்கொண்டது. முடித்ததும் சிவத்திடம் கொடுத்தேன். அவன் இடது கையில் கிறீஸைப் பூசிக்கொண்டு நட்டைத் திருகினான். விரல் வழுக்கியது. "கடலிலை கை இப்பிடித்தான் இருக்கும், மச்சாள்" என்றான். நட்டின் காதுகளை நீட்டி, நுனியை வளைத்துக் கொடுத்தேன். இந்த முறை ஒற்றைக் கையால், என் முகத்தைப் பார்த்தபடியே திருகினான்.

கப்பைப் படகில் பொருத்தினோம். சிவம் தானும் போவதாகச் சொன்னபோதுதான் வீட்டில் வெடித்தது. உன் அம்மா சம்பூரிலிருந்து பஸ் ஏறி, இறக்கக்கண்டியில் அவன் வீட்டுக்கே வந்துவிட்டா.

"அந்தப் போட்டிலை இனி என்ரை பிள்ளை கால் வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் குடுத்திட்டன்."

நானும் அங்கேதான் நின்றேன். மாமி என்னைப் பார்த்துத் திரும்பினா. "வசந்தி, நீ சொல்லு. அவன் கீழை இறங்க வேண்டி வருமோ?"

அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா? எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்கு வாய் வரவில்லை.

"போட் ஓடேக்கை இறங்கத் தேவையில்லை மாமி. பிழைச்சா இயந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு இறங்கலாம். ஆனா கடலிலை ஒண்டும் நடக்காதெண்டு நான் சொல்ல மாட்டன்."

மாமி குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினா. பிறகு வெளியே வந்து, "அப்ப இயந்திரத்தை நிப்பாட்டாமல் ஒருத்தரும் இறங்கக் கூடாது. அதைப் பூபாலனிட்டையும் சொல்லு" என்றா. அதுதான் சம்மதம்.

முதல் பயணங்கள் அமைதியாகப் போயின. புறப்படும்போது நட்டை உயர்த்துவான், கரை வந்ததும் இறுக்குவான். பிறகு ஒரு பயணத்தில், வலையெல்லாம் ஏற்றித் திரும்பும் வழியில் காற்று எழும்பியது. பூபாலண்ணை வேகத்தைக் கூட்டினார். சிவம் கப்பைப் பார்த்தான். கம்பி இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். அப்படியே நின்றது.

"அண்ணை, கிறீஸ் போகேல்லை. இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ."

"இந்தக் காத்துக்குள்ளையோ? கரைக்குப் போய்ப் பாப்பம்."

"கரைக்குப் போறதுக்குள்ளை புஷ் இறுகிடும். பிறகு காத்து எங்கை கொண்டு போகுதோ அங்கைதான். நிப்பாட்டுங்கோ அண்ணை."

பூபாலண்ணை அவனை ஒரு பார்வை பார்த்தாராம். பிறகு நிறுத்தினார். படகு அலையில் குறுக்கே திரும்பி ஆட, அவர்தான் கீழே இறங்கினார். புஷ்ஷில் கை வைக்க முடியாத சூடு. மீன்பெட்டி ஒன்று சறுக்கி விழுந்து செப்புக் குழாயை நசுக்கியிருந்தது. நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து, மிச்சக் குழாயை இழுத்துப் பொருத்தினார். மேலே சிவம் நட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டு, கம்பியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றான்.

"இறங்குது அண்ணை! இறங்குது!"

சூடு ஆறும்வரை பொறுத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான் கரையில் நின்றேன். பூபாலண்ணை இறங்கி வந்து, "உன்ரை மச்சாள் இருந்திருந்தா நான் அவவைக் கும்பிட்டிருப்பன்" என்றார்.  சிவம் கயிற்றை இடது கையால் சுற்றிக் கட்டிவிட்டு, பசிக்கிறது என்றான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டேன் தெரியுமா?

இப்போது குழாய்க்கு மேல் பலகை மூடி போட்டிருக்கிறோம். இன்னும் சில படகுக்காரர் கப் கேட்டு வந்திருக்கிறார்கள். சம்பூரில் மா அரைக்கிற மில்காரி ஒருத்தி, உயரத்தில் இருக்கிற தன் பெயரிங்குக்கு ஏணி வைத்து ஏற ஏலாது என்று ஒன்று கேட்கிறா. உன் வரைபலகையை ஜன்னலோரம் நகர்த்தி வைத்து, அதில் நான் வரையப் பழகுகிறேன். கோடு கொஞ்சம் வளைகிறது. நீ திட்டுவாய்.

ஒரு வேலைதான் பயமாக இருக்கிறது. பலநாள் கடலில் தங்கி மீன்பிடிக்கிற பெரிய படகு ஒன்றுக்குக் குழாய் மிகவும் நீளமாகப் போக வேண்டும், இரண்டு இடத்தில் வளையவும் வேண்டும். கரையில் நிற்கும்போது சரியாக வேலை செய்கிறது. கடலில், பாரத்தோடு ஓடும்போது எப்படி என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். கொட்டியாரக் குடாவைத் தாண்டும் முன்பே எனக்கு வாந்தி வரும் என்பது உனக்குத் தெரியும்.

ஆனாலும் போகிறேன், கௌரி. அடுத்த கிழமை, சிவமும் கூட வருகிறான். வழி முழுக்க வாந்தி எடுத்தாலும், அந்தக் கப்புக்குப் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். எங்கள் கையால் செய்த ஒன்றை நம்பி மனிசர் கடலுக்குப் போனால், இனி முதலில் நான் அந்தப் படகில் போய்ப் பார்த்திருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றைக்கும் உன்னோடு சண்டை பிடிக்கக் காத்திருக்கும்,
உன் மச்சாள் வசந்தி