ஏலம் போன பஸ்

பருத்தித்துறை,
செவ்வாய்க்கிழமை.

ஆண்டவருக்குள் அன்பான பேரன் றொஷானுக்கு, அம்மம்மா சுகமாயிருந்து எழுதுவது.

உன் அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. உன் தங்கச்சி ஜெயந்தினி நல்லூரில் ரியூசன் வகுப்பு எடுக்கிறாள். போய்வருகிற பஸ்காசு போக மிச்சமில்லை என்கிறாள். ஃபோனில் கதைத்தால் நீ ஓம் அம்மம்மா, ஓம் அம்மம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடியும்வரை வாசிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய செய்தியை ஜெயந்தினி வாசித்துக் காட்டினாள். நீ கொம்பியூட்டரில் செய்த பஸ் ஓட்டுகிற விளையாட்டு விற்கவில்லையாம். மாத முடிவோடு டண்டி நகரத்தில் அதைச் செய்ய எடுத்திருக்கும் அறையைப் பூட்டிவிட்டு, ஃபோனில் சக்கரம் சுற்றிக் காசு விழுகிற விளையாட்டுச் செய்யும் கொம்பனியில் சேரப்போகிறாயாம். பாதியில் நிற்கும் இரண்டாம் பாகத்தையும் விட்டுவிடுவாயாம். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாதச் சம்பளம் நல்ல விசயம்தான்.

ஜேர்மனியில் அந்த விளையாட்டுக்கு உனக்குப் பரிசு கொடுத்த படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி ஹோலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட விளையாட்டை ஏன் வாங்குகிறார்களில்லை என்று நீயே காரணம் எழுதியிருந்தாய். நாளுக்கு நாள் புது விளையாட்டுகள் வந்து குவிகின்றனவாம். நல்லது என்று கேள்விப்பட்டவர்கள் பெயரைக் குறித்து வைத்துவிட்டு, அரைவிலைக்கு வரட்டும் என்று இருக்கிறார்களாம். வேறொருவன் விளையாடுவதை யூடியூப்பில் பார்த்தவர்களுக்கு ஆசை அதோடு தீர்ந்துவிடுகிறதாம். சுடுகிறதா, ஓடுகிறதா, என்ன மாதிரி விளையாட்டு என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாததைக் கடையிலும் முன்னுக்கு வைக்கமாட்டார்களாம். எனக்கு இதெல்லாம் சாட்டுச் சொல்வதாகத்தான் பட்டது. நல்ல சாமான் என்றால் விற்கும் என்று ஜெயந்தினியிடம் சொன்னேன். நான் விற்றுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஞாயிறு எங்கள் ஆலயத்தில் அறுப்புத் திருநாள். ஜெயந்தினி அந்த விளையாட்டைக் கொம்பியூட்டரில் இறக்குகிற எண்ணை ஒரு வடிவான அட்டையில் அச்சடித்துத் தந்தாள். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது அதைப் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்தேன். வைத்துவிட்டு முன்வரிசையில் இருந்தேன்.

ஏலம் கூறினது எங்கள் சபை நதானியேல். அட்டையைத் தூக்கிப் பிடித்தவருக்கு அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இது வாழைக்குலையுமில்லை, கோழியுமில்லை, எங்கடை ஐரிஸக்காவின்ரை பேரன் விட்ட பஸ் என்றார். பின்னாலிருந்து ஒருவன், அப்ப ஏறலாமோ, இல்லாட்டிப் பாக்க மட்டுந்தானோ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் விலை ஏறியது. கனடாவிலிருந்து வந்து நிற்கும் செல்வத்துரை, சேவல் போன விலைக்கு மேலே கேட்டு எடுத்தார். கைதட்டினார்கள். எடுத்தவர் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கேன் உது, திரும்பக் கூறுங்கோ என்று கொடுத்துவிட்டார். எடுத்த சாமானை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பதும், அது மறுபடி ஏலம் போவதும் எங்கள் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். பிறகு டொக்டர் அம்மா எடுத்துக் கொடுத்தார். பிறகு வாலிபர் சங்கம். ஒவ்வொரு தரமும் உன்னைப் புகழ்ந்தார்கள், எனக்குக் கைதந்தார்கள். ஆலயக் குசினிக்குக் கூரை போட நல்ல காசு சேர்ந்தது.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தது. சேவல் போய்விட்டது. பூசணிக்காய் போய்விட்டது. வாடின கீரைக் கட்டைக்கூட ஒருவர் கொண்டுபோய்விட்டார். அட்டை மட்டும் மேசையில் கிடந்தது, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ எழுதினது சாட்டு இல்லை என்று வழியில் விளங்கியது.

அடுத்தநாள் கந்தப்பர் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் இருக்கிறாரே, பென்சன் எடுத்த ட்றைவர், அவர்தான். பூசணிக்காய் மலிவாய் எடுக்கலாம் என்று ஏலத்துக்கு வந்தவராம். ஐரிஸக்கா, உந்த பஸ் என்ன விலை, ஏலத்து விலை வேண்டாம், சரியான விலையைச் சொல்லுங்கோ என்றார். ஜெயந்தினி சொன்னாள். ஒரு கிலோ அறக்குளா மீன் விலை வரும். சும்மா கொண்டுபோங்கோ என்று நான் சொன்னதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ரிக்கற் இல்லாமல் ஒருத்தரையும் ஏத்தினதில்லை, எனக்குமென்ன சும்மாவோ என்றார். காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் அட்டையைத் தொட்டார்.

அன்று தொடக்கம் மனுசன் பேத்தி ஆரபியின் கொம்பியூட்டரை விடுகிறாரில்லை. அவள் பள்ளிக்கூடத்தால் வருமுன் இவர் பருத்தித்துறையில் பஸ்ஸை எடுத்துவிடுகிறார். காலையில் வந்து எனக்குக் குறை சொல்கிறார். நெல்லியடியில் ஆட்களை இறக்குகிற இடம் பிழையாம். கொண்டக்டர் மட்டும் கதைக்கிறான், ட்றைவருக்கு உங்கடை பேரன் வாய் வைக்கேல்லையோ என்று கேட்டார். மந்திகையில் சுடுதண்ணிப் போத்தலோடு ஏறுகிற பெண்ணுக்கு மிச்சக்காசு கொடுக்க மறந்துபோய், அவள் இறங்கிப் போய்விட்டாளாம். அவர் மனைவி நாகேஸ்வரி, ஆசுப்பத்திரிக்குப் போறவளின்ரை காசையோ வைச்சிருக்கிறியள் என்று ஏசி, முதலிலிருந்து திரும்ப ஓடவைத்தாராம். வல்லை வெளியைப் பற்றி மட்டும் குறை இல்லை. காத்து சரியா அடிக்குது என்றார்.

நேற்றும் வந்தார். பஸ் யாழ்ப்பாணத்தில் போய் நின்றதும் விளையாட்டு முடிந்துவிட்டதாம். ஏத்திக்கொண்டு போன சனம் பின்னேரம் வீட்டை வரவேண்டாமோ, திரும்பி வாற பஸ் எங்கை என்று கேட்டார். கோபமாய்த்தான் கேட்டார். நீ இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு அறையைப் பூட்டப்போவதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கந்தப்பர் தந்த காசு என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அது உனக்குச் சேரவேண்டியது. வங்கியில் போடமாட்டேன், வந்து வாங்கிக்கொள்.

வேலைக்குப் போகிறதென்றால் போ. குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு, நேரத்துக்குச் சாப்பிடு. நீ போகிற இடத்திலும் திரும்புகிற வழியிலும் ஆண்டவர் உன் கூட இருப்பாராக. ஒன்று மட்டும். படலையில் நின்ற மனுசனுக்கு, பஸ் வரும், கொஞ்சம் பிந்தும் என்று சொல்லிவிட்டேன். அவர் சரியென்று போய்விட்டார். இந்த ஊரில் இதுவரைக்கும் என் வாயில் பொய் வந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை, ராசா.

அன்புள்ள அம்மம்மா,
ஐரிஸ்