மூன்றாவது வரியை அடித்துவிட்டேன்

மேற்குத் தாம்பரம்
9.4.2025

ஷ்யாம்சுந்தருக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இப்போது மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஓசூரில் உன் அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறாய், விடிந்ததும் ஓடப் போகிறாய், சாயங்காலம் மாப்பிள்ளையோடு கேரம் ஆடுகிறாய் என்று மிருதுளாவே சொன்னாள். இங்கே உன் அம்மா ஐந்து நாளாக ராத்திரியில் சாப்பிடாமல் மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கிறாள். போனை உன்னிடம் கொடு என்று மிருதுளாவிடம் கேட்டதற்கு, "அப்பா கத்துவாரு, நான் பேசல" என்றாயாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். கத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விளையாட்டு விழாவில் நீ காலேஜ் பேண்டு வாத்தியத்தைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் டீன் அறையில் நீ செய்த காரியம். மன்னிப்புக் கடிதம் என்று ஒரு தாளை டைப் செய்து நீட்டினார்கள். நீ படித்தாய். படித்துவிட்டு, கையிலிருந்த பேண்ட் கோலை மேசை மேல் வீசினாய். அதன் தலையில் இருக்கும் வெள்ளிக் குண்டு பட்டு மேசைக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. மறுநாள் நான்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு கண்ணாடி போட்டேன். அளவெடுக்கும்போது அந்த டீன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட இஷ்டமில்லை என்றால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரி வரைக்கும் தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து இன்றுவரை எத்தனை பெரிய மனிதர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் எதையும் தூக்கி எறிந்ததில்லை. எறிந்துவிட்டால் அப்புறம் எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். உன் பக்கத்து நியாயத்தை யார் கேட்பது? எறிந்ததோடு விட்டாயா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாய். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட கடிதம் பன்னிரண்டாம் தேதிக்குள் போனால்தான் அதைக் கொடுப்பார்களாம். பதினாறாம் தேதி பரீட்சை.

இந்தப் பரீட்சை என்ன சும்மா வந்ததா? முதல் செமஸ்டரில் நான்கு அரியர் வைத்தவன் நீ. எடை தொண்ணூற்றாறு கிலோ. நம் வீட்டு மாடிக்கு ஏறி வந்தால் பேச மூச்சு வராது. அப்படிப்பட்டவன் பேண்டில் சேரப் போகிறேன் என்றபோது நான் சிரித்தேன். பேண்ட் என்றால் எனக்குக் கல்யாண ஊர்வலம்தான் தெரியும். பெரிய டிரம்மைக் கட்டிப் பார்த்தபோது வயிறு இடித்து வார் எட்டவில்லையாமே. முதலில் வயிற்றைக் குறை, டிரம் இங்கேயேதான் இருக்கும் என்று பேண்ட் மாஸ்டர் சொன்னாராம். மறுநாளே நாலே முக்காலுக்கு எழுந்து சேலையூர் ஏரிக்கரைக்குப் போனாய். முதல் வாரம் காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது உன் அம்மா. ஓடிவிட்டு வந்து தூக்கம் போய்விட்டதே என்று ஏழு மணிவரை புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாய். அப்படித்தான் நான்கு அரியரும் போயின. பத்து வருஷமாக நான் படி படி என்று சொல்லி நடக்காததை அந்த டிரம் நடத்திக் காட்டியது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்புறம் பேண்டுக்குத் தலைவனாகிக் கோல் பிடிக்க வேண்டும் என்று மொட்டை மாடியில் துடைப்பக் கட்டையைச் சுழற்றி எதிர் வீட்டுக்காரர்களின் துளசித் தொட்டியை உடைத்தாய். ஒன்றரை வருஷம் பாடுபட்டு வாங்கிய கோல் அது. அதைத்தான் மேசையில் வீசிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

சரி, விளையாட்டு விழாவுக்கு வருகிறேன். நடந்ததை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், மேடைக்குப் பின்னால் கயிறு தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டு நானே நின்றிருந்தேன். நீங்கள் மேடையைத் தாண்டும் நேரத்தில் மூன்றாவது வரிசையில் வாசித்துக்கொண்டு வந்த அந்தப் பெண் சுஜி மயங்கி விழுந்தாள். அவள் வாத்தியம் தரையில் மோதிய சத்தம் மேடைவரைக்கும் கேட்டது. அணிவகுப்பில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் நிற்கக்கூடாது, ஒதுங்கி நடந்துகொண்டே போக வேண்டும், தூக்குவதற்கு வெளியே ஆள் இருப்பார்கள் என்று எனக்குச் சொன்னவனே நீதான். நீ என்ன செய்தாய்? திரும்பிக் கோலை உயர்த்திப் பிடித்து நாற்பத்திரண்டு பேரையும் நிறுத்தினாய். சிறப்பு விருந்தினர் சல்யூட் வைத்த கையை இறக்கவும் தெரியாமல் நின்றார். நீ வரிசைக்குள் போய் அந்தப் பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாய். நாலு நிமிஷம்.

உங்கள் சட்டப்படி அது தப்பு. தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் உன் மகுடம் ஒன்றும் இறங்கிவிடாது. போன சனிக்கிழமை காலையில் இதைச் சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் நீ ஊரில் இல்லை. கண்ணாடி போடப் போன இடத்தில்தான் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மூன்று வரி. அனுமதியில்லாமல் பேண்டை நிறுத்தினேன் என்பது ஒன்று. உண்மை. அதனால் விழாவுக்கு இடைஞ்சல் ஆனது என்பது இரண்டு. அதுவும் உண்மை. மூன்றாவது வரிதான்: "எடையைக் குறைப்பதற்காக எனது ஆலோசனைப்படி மாணவி உணவருந்தாமல் வந்ததே மயக்கத்திற்குக் காரணம்; இதில் கல்லூரிக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் அதை நம்பினேன். என் காபியில் சர்க்கரையை நிறுத்தியவன், அம்மா தட்டில் இட்லி எண்ணுகிறவன், அந்தப் பெண்ணிடமும் ஏதாவது உளறியிருப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணால் பார்க்காத சரக்கை நான் வாங்குவதில்லை. அன்றைக்கே பொழிச்சலூரில் சுஜி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஆரோன் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க், மெதுவாகப் பேசுகிற மனிதர். அம்மா ஹில்டா அப்படியில்லை. வாசலிலேயே வைத்துச் சொன்னார்கள்: "காலைல அஞ்சரைக்கே நாலு இட்லி சாப்ட்டுட்டுதான் சார் போனா. சாப்பிடாம வந்தா வரிசைல நிக்க விடமாட்டேன்னு ஷ்யாம் அண்ணன் சொல்லிருக்காராம். அவரு பேர்லயே இப்படி எழுதிருக்காங்களே."

அந்தப் பெண்ணிடமும் இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். போட்டால் உடம்பு தகுதியில்லாதவள் என்று பேண்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். போடாவிட்டால் என்ன ஆகுமோ என்று ஆரோனுக்குப் பயம். சுஜி உள்ளே அழுதுகொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

நீ கோலை வீசியது அந்த மூன்றாவது வரிக்காகத்தான் என்று பொழிச்சலூர் வாசலில் நின்றுதான் எனக்குத் தெரிந்தது. ஏன்டா, அதை என்னிடம் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அப்பன் என்றால் கத்துவதற்கு மட்டும்தானா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் கொஞ்ச நாளாகும்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். விழாவுக்கு நிழல் வலை கட்டியது நம் கடைதான், அது உனக்குத் தெரியும். அளவெடுக்கப் போனபோது மேடை, விருந்தினர் வரிசை, அப்புறம் பேண்ட் நிற்கிற இடதுபக்க மைதானம் மூன்றுக்கும் சேர்த்துத்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். டீன் தன் பச்சைப் பேனாவால் மூன்றாவதை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பசங்க பத்து நிமிஷம்தான் நிப்பாங்க சார், அங்க வேணாம்" என்றார். வெயில் என்ன செய்யும் என்று தாம்பரத்தில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? வெயிலை வைத்துத்தானே நான் சாப்பிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மாவே ஒரு வலையை இழுத்துக் கட்டியிருக்கலாம், கடையில் சுருட்டி வைத்தது கிடந்தது. பெரிய இடத்து வாடிக்கை, எதற்கு வாக்குவாதம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஏழரைக்கு உங்களை மைதானத்தில் கொண்டுவந்து நிற்க வைத்தார்கள். விருந்தினர் வந்தது பத்தே முக்காலுக்கு. அவ்வளவு நேரமும் என் பிள்ளை வெயிலில் நின்றான், நான் கட்டிய நிழலில் நான் நின்றேன். உன்மேல் இருக்கிற கோபத்தைவிட இது பெரிது. அதை யாரிடம் போய்க் கத்துவது?

நேற்று அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு டீனிடம் போனேன். மிரட்டவில்லை. புதுக் கண்ணாடியின் மேல் வைத்தேன், அவ்வளவுதான். பச்சை மையைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு சார் என்றார். உங்கள் இரண்டு வரி உங்களுக்கு, கண்ணாடிக்கும் சேர்த்து என் பிள்ளை மன்னிப்புக் கேட்பான். மூன்றாவது வரி கிடையாது, அந்தப் பெண்ணிடம் எந்தத் தாளும் நீட்டக் கூடாது என்றேன்.  கடைசியில், சனிக்கிழமைக்குள் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். இனி அந்த காலேஜ் நம் கடைப் பக்கம் வராது. அது என் பாடு, நீ அதில் தலையிடாதே.

பேண்டில் உன்னை மறுபடி சேர்ப்பார்களா என்று கேட்டேன். அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொண்டார். சேர்க்காமலும் போகலாம். அதற்குத் தயாராகவே வா. பொய்யாக ஆசை காட்ட எனக்கு வராது.

அன்றைக்கு மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா. நம் கடையில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நாலு பேரும் ஒன்றாகத் திரும்ப மாட்டார்கள். நீ வாயே திறக்கவில்லை, கோலை உயர்த்தியதும் நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாக நின்றார்கள். இதற்கு மேல் எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும்.

டீன் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியை நானே அடித்து, ஓரத்தில் தேதி போட்டுச் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கீழே பெற்றோர் என்ற இடத்தில் போட்டாகிவிட்டது. மாணவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்று எழுத மாட்டேன். போடு. போட்டு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர். சனிக்கிழமை காலையில் டீன் அறைக்கு நாம் இரண்டு பேருமாகப் போகலாம். அங்கே நீ பேசு, நான் வெளியே நிற்கிறேன். பெருமாள் உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா,
சுப்ரமணியன்