தெற்குக் கிளுவை வேலி

அக்கா,

இன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது காற்றில் கிளுவைப் பிசின் வாசம் அடித்தது. பச்சைக் கிளுவையில் அரிவாள் பட்டால்தான் அந்த வாசம் வரும். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். உங்கள் வீட்டுக்காரர் நம் காட்டின் தெற்கு வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்குக் காரியம் முடிந்து பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்பார்கள். அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். நாம் சண்டை போட்டதெல்லாம் உப்புக்கும் புளிக்கும்தான். பாப்பாவை நீங்கள் பெற்றீர்கள். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது நான். அந்தப் பாப்பா தெற்கு வேலியில் படர்ந்திருந்த கோவைப்பழத்துக்குக் கையை விட்டாள். கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. மல்லசமுத்திரத்து வைத்தியர் வண்டியில் வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த ஆண்கள் கால்கூடக் கழுவவில்லை. ஒரு வேலியும் மிஞ்சக் கூடாதென்று முதலில் வடக்கு வேலியை வெட்டிச் சாய்த்துக் கொளுத்தினார்கள். ஓணானும் கீரியும் கௌதாரியும் தெறித்து ஓடின. சாரைகளை ஓட ஓட அடித்தார்கள். தெற்கு வேலிக்கு வந்தபோது நீங்கள் தலைவிரிகோலமாக அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

“அது எலியத் தேடி வந்துச்சுங்க. எம்புள்ளையத் தேடியா வந்துச்சு? காய் பறிக்காத கடலக்கொடிய வேலியோரம் போர் போட்டது நாமதானுங்க. கடலைக்கு எலி வந்துச்சு, எலிக்கு அது வந்துச்சு. வேலிய எரிச்சா பாம்பு போயிரும். எலி போகுமாங்க?”

பெற்ற வயிறா இது என்று பங்காளி வீட்டுப் பெண்கள் உங்கள் காதுபடவே பேசினார்கள். எனக்கும் அன்று மனசு ஆறவில்லை.

அடுத்த கடலை வெள்ளாமையில் வடக்குப் பக்கம் முழுக்க எலி வளை. காயெல்லாம் வளைக்குள் போய்விட, நமக்குக் கொடிதான் மிஞ்சியது. தெற்கு வேலியில் மட்டும் பொழுது சாய்ந்தால் ஆந்தை வந்து உட்கார்ந்தது, சாரையும் கீரியும் அங்கேயே இருந்தன. யுத்தத்தால் அரிசிக்கு அலைந்த அந்த வருஷம் அந்தப் பக்கத்துக் கடலைதான் நமக்குக் கஞ்சி ஊற்றியது. ஏசின வாயெல்லாம் உங்களை மெச்சியது. நீங்கள் முகம் கொடுக்கவில்லை. “காவந்து பண்ணுனேன். அதுக்காக எனக்கு அதுமேல ஆசைன்னு நெனச்சுக்காத,” என்றீர்கள் என்னிடம். அந்த வேலியோரம் நடக்காமல் கடைசிவரை கிணற்றுக்குச் சுற்றுவழியில்தான் போனீர்கள்.

புருஷனுக்கு அண்ணன் என்பதால் மச்சாண்டார் எதிரில் நின்று நான் ஒரு நாளும் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சோறு போட்டாலும் கதவு மறைவில் நின்று உங்களிடம் சொல்லித்தான் கேட்பேன். சொல்ல இன்று நீங்கள் இல்லை. அரிவாளுக்கும் வேலிக்கும் நடுவில் போய், நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

“வேண்டாமுங்க மாமா.”

அவர் திகைத்துப்போனார். “அவ இருந்தவரைக்கும் அவளுக்காக உட்டேன். இனி ஆருக்காக உடோணும்?” என்றார்.

எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? “அது எலியத் தேடி வந்துச்சுங்க,” என்றேன்.

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே குந்தி, பாப்பா பாப்பா என்று அழுதார். உங்களுக்கும் சேர்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன்.

அவர் எழுந்து போன பிறகும் என்னால் எழ முடியவில்லை. அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, நேர் எதிரே அந்த வேப்பமரம். வைத்தியர் வரட்டும் என்று பாப்பாவை நாம் நிழலில் கிடத்தியிருந்த மரம். எவ்வளவு முயன்றாலும் கண் அங்கேதான் போகிறது. வேலியை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா. ஆனால் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையை எப்படித்தான் சொன்னீர்களோ.