முதல் வளையல்

2009 செப். 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பன்றிக் காய்ச்சல் வார்டில் நாலாவது நாள். ஒன்பதாம் பெட் ஆட்டோக்காரருக்கு ஆக்சிஜன் சரிசெய்யும்போது என் மாஸ்க் எலாஸ்டிக் அறுந்தது. அதே நொடி இருமினார், நேராக என் முகத்தில். நல்ல நேரம் பார்த்து அறுந்தது சனியன். பாவம், அவர்தான் அதிகம் பயந்தார். "சாரி சிஸ்டர், வேணும்னு பண்ணல."

எனக்கும் மாத்திரை ஆரம்பம். வீட்டுக்குப் போகக் கூடாது. ஹாஸ்டலில் தனி அறை.

ஞாயிறு தங்கை கலாவுக்கு வளைகாப்பு. ஏழு மாதம். பிள்ளைத்தாச்சிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன பாடு என்று வார்டில் பார்த்தவள் நான்.

9, புதன்

கலா போன்.

"மொதல் வளையல் நீதான்க்கா போடணும். நீ வரலைன்னா நான் கையே நீட்ட மாட்டேன்."

"உன் மாமியார் போடட்டும்டி."

"அவங்க ரெண்டாவது."

அம்மா போனபின் இவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

10, வியாழன்

தொண்டை கரகரப்பு. மூக்கில் குச்சி விட்டு ஸ்வாப் எடுத்தார்கள். ஊரார் மூக்கில் எல்லாம் விட்டவளுக்குப் பதில் மரியாதை. காய்ச்சல் 98.4. 98.6. மறுபடி 98.4. மணிக்கொருதரம் பார்க்கிறேன், பைத்தியம்.

வாங்க வேண்டியது: பச்சை, சிவப்பு வளையல் 2 டஜன். சந்தனம். வெற்றிலை. ரிசல்ட் சரியாக வந்தால்.

12, சனி

வெயில். இன்சார்ஜ் சிஸ்டர் படியேறும்போதே கத்தினார். "நெகட்டிவ். மனெகெ ஹோகு." வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று மூணு தடவை கன்னடத்தில் விரட்டல். டாக்டரும் சரி என்றார், மாஸ்க் மட்டும் இறங்கக் கூடாது. ஒன்பதாம் பெட் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாராம். சந்தோஷம் தாங்கவில்லை. வராந்தாவில் ஒரு சுற்று ஆடினேன். யாரும் பார்க்கவில்லை.

13, ஞாயிறு

மர்பி டவுனில் எங்கள் வீடு. வீடு கொள்ளாத கூட்டம், மாஸ்க்கோடு நான் ஒருத்தி. கலா கை நீட்டினாள். பிடித்தேன். விரல் தானாக நாடிக்குப் போய்விட்டது. எல்லோரும் காத்திருக்க, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். 82. அப்புறம் வளையலை எடுத்தால், வாய் பழக்கதோஷம்:

"கைய லூசா விடுங்கம்மா. லேசா வலிக்கும், அவ்ளோதான்."

வீடே சிரித்தது. கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள உதைக்குதுக்கா."

எனக்கும் ஒரு டஜன் போட்டுவிட்டார்கள். வார்டில் வளையல் கூடாது. நாளை இரண்டு மணி ட்யூட்டி. ஒன்று ஐம்பத்தைந்து வரை கழற்ற மாட்டேன்.