ஒன்பதாம் பக்கம்

அடி அண்ணாமலை
12.2.2001

அன்புள்ள நூரைனுக்கு,

உண்ணாமலை எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நம் சித்திரக்கதைத் தொகுப்பு அச்சாகிவிட்டது. உன் பூனைக் கதையில் மை அழகாக விழுந்திருக்கிறது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் சொல்லியாயிற்று. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். அச்சில் கெட்டுப்போன தாள்களை எடைக்குப் போட்டுவிடுவார்கள். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதைச் சுண்டல் கடைகளில் அதுதான் பொட்டலம். சின்ன வயதிலிருந்து அதில் தின்றவள், எனக்கே தோன்றவில்லை.

வியாழக்கிழமை பௌர்ணமிக்கு, பக்கத்து வீட்டுத் தனம் அக்காவின் வீட்டுக்காரர் சக்கரபாணி மாமா வாங்கி வந்த சுண்டல் என் கதையின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. புருஷன்காரன் அவளை அடிக்கப் பெல்ட்டை உருவும் பக்கம். அது கற்பனை என்று உன்னிடம் சொன்னது பொய், நூரைன். பெயர்களை மாற்றினேன். ஜன்னலை மாற்றத் தெரியவில்லை. பார்த்ததைத்தான் என்னால் வரைய முடியும்.

நானும் அங்கேதான் இருந்தேன். மாமா தாளை வெளிச்சத்தில் பிடித்து, எவனோ நம்ம வூட்டு ஜன்னலையே போட்டிருக்கான் பாருன்னு சிரித்தார். அதிலேயே கையைத் துடைத்து எறிந்துவிட்டுத் தன் வேனைக் கழுவப் போனார். தன்னை மட்டும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்கா தாளை எடுத்து நீவினாள். ஏண்டி, என் மூக்கு இவ்ளோ பெருசான்னு கேட்டாள். பிறகு, கடைசியில அவ இன்னா பண்றான்னு கேட்டாள். குழந்தையோடு பஸ் ஏறிவிடுகிறாள் என்றேன். எந்த ஊரு பஸ்ஸுன்னாள். அதை நான் வரையவில்லையே.

என் கதையைக் கிழித்து எடுத்துவிடச் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுக்கக்கூடாது என்கிறாள் அக்கா. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வருகிறாளாம். இன்று மத்தியானம் ஒரு பையை என் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். பாப்பாவின் தடுப்பூசி அட்டை, இரண்டு கவுன், அக்காவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

புத்தகத்தில் என் பெயர் முழுசாக இருக்கிறது. மாமா கையில் ஒன்று கிடைத்தாலும் போதும். ஞாயிறுவரை ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாது என்று அச்சகத்துக்குப் போன் செய்து சொல்லிவிடு. எனக்கு வாய் வராது.

விழா முடிந்து வேலூருக்குத் திரும்பும்போது உன்னோடு இரண்டு பேர் வருவார்கள் என்று உன் அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. பாப்பா தெரியாத வீட்டில் இரண்டு நாள் அழுவாள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உன்னைத் தவிர யாரையும் கேட்கத் தெரியாத,
உண்ணாமலை