பாவாடையில் மூன்று மடிப்பு

மே 19, ஞாயிறு

காலையிலேயே வெயில். குழாய் வரிசையில் நிற்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பிடித்தாயிற்று. அரிசியில் கல் பொறுக்கியாயிற்று. பிறகு புத்தகம்.

பக்கத்துத் தெரு கமலா அக்காவின் பழைய தமிழ்ப் பாடப் புத்தகம், எட்டாம் வகுப்பு. அட்டை இல்லை. அவள் மாட்டுங்காவில் ஹைஸ்கூல். எங்கள் தாராவிப் பள்ளியில் ஏழோடு சரி. நானும் ஜூனில் மாட்டுங்காவுக்குத்தான். (என்று நினைக்கிறேன். யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் பாஸ் என்று தெரிந்த அன்று அப்பா கடையிலிருந்து கல்கண்டு கொண்டுவந்தார். பேச்சு ஒன்றும் இல்லை.)

ஒரு பாடத்தில் உள்ளுறை என்று ஒன்று வருகிறது. பழைய பாட்டு வயலைப் பற்றிப் பேசுமாம். கொக்கு, மீன், நண்டு. ஆனால் சொல்ல வந்தது அவற்றைப் பற்றியே இல்லை. ஓர் ஆளைப் பற்றி. அந்த ஆளின் பேர் கடைசி வரைக்கும் வராது. கேட்கிறவளுக்குப் புரிந்துவிடும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். கை சிலிர்த்தது. இது யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்?

மே 21, செவ்வாய்

இது பாட்டில் மட்டும் இல்லை! எங்கே பார்த்தாலும் இருக்கிறது. நேற்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடையில் அப்பா “இல்லை” என்ற சொல்லையே சொல்வதில்லை. துவரம் பருப்பு தீர்ந்துவிட்டால் “சரக்கு வழியில இருக்கு.” இதற்கு முன் நூறு முறை கேட்டிருப்பேன். நேற்றுத்தான் காதில் விழுந்தது.

நான் கண்டுபிடித்தவை:

சரக்கு வழியில இருக்கு – இல்லை.
இப்ப வர்றது அவ்வளவு ருசி இல்ல – இல்லை, வரவும் வராது.
(பக்கத்து ரூம் சாந்தாபாய்) க்யா பனாயா ஆஜ்? (இன்றைக்கு என்ன சமையல்?) – வாசனை நன்றாக இருக்கிறது, ஒரு கரண்டி கொடு.
(அம்மா) ரெண்டு கைதான எனக்கு – புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வா.
(பெரியப்பா) வெயிலு தாழட்டும் – சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

ஒரு பெரியவர் பருப்பு கேட்டார். அப்பா, வழியில இருக்கு என்றார். அவர் “சாயங்காலம் வரட்டுமா?” என்றார். பாவமாக இருந்தது. “தாத்தா, இல்லன்னு அர்த்தம்” என்றேன்.

அப்பா முகம் கறுத்துவிட்டது. அவர் போன பிறகு, “ஏட்டி, அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச?” என்றார்.

தெரிந்துமா கேட்டார்? எதற்கு? புரியவில்லை. யோசிக்க வேண்டும்.

நெய் வாங்க மறந்தேன். திட்டு.

மே 26, ஞாயிறு

எழுத வரவில்லை. கண் எரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பெரியப்பா செம்பூரிலிருந்து வந்தார். அப்பாவின் அண்ணன். ஊரிலிருந்து அப்பாவைப் பம்பாய்க்குக் கூட்டிவந்து கடை வைத்துக் கொடுத்தவர். அவர் எதிரில் அப்பா கட்டிலில் உட்காரமாட்டார். அம்மா நேராகப் பேசவே மாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொல்வதுபோல் சொல்வாள். “ஏட்டி, பெரியப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு.” அவர் என்னைப் பார்த்து, “போதும்னு சொல்லு” என்பார். நடுவில் நான் வாயே திறக்கவேண்டாம்.

சாப்பிட்டு முடித்துப் பெரியப்பா என்னைப் பார்த்தார்.

“பிள்ள நல்ல வளத்தி.”

“ஆமாண்ணே” என்றார் அப்பா.

“மாட்டுங்கா இங்கேர்ந்து தூரம்லா.”

“தூரம்தான்.”

“வீட்டுலயும் உன் பெஞ்சாதிக்கு ஒத்தாச வேணும்.”

அப்பா தரையைப் பார்த்தார். “பாக்கலாம்ணே.”

மூன்று பேச்சு. வளத்தி, தூரம், ஒத்தாசை. மூன்றும் ஒரே பேச்சு! பள்ளிக்கூடம் என்ற சொல்லே வரவில்லை, ஆனால் முழுக்கப் பள்ளிக்கூடம்தான். பயத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம், எனக்குப் புரிகிறதே என்று. அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. வாய் திறந்துவிட்டது.

“அப்போ என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டீங்களா அப்பா?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஆமா” என்றார் அப்பா. “ஏழு போதும்.”

அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட.

மே 27, திங்கள்

அம்மாவோடு பேசவில்லை. குழாயடியில் அவளாகவே கேட்டாள்.

“எதுக்குட்டி அப்பிடிக் கேட்ட?”

“கேக்காம எப்பிடித் தெரியும்?”

“தெரிஞ்சுதான கேட்ட.”

நான் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினேன்.

“அப்பா பாக்கலாம்னாவ. காதுல விழுந்துச்சா? அண்ணன் முன்னால ஒரு மனுசன் வேற என்ன சொல்ல முடியும். நீ கேட்டதாலதான் பதில் சொல்லும்படி ஆச்சு.” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “சின்னக் குடத்த எடு. தண்ணி நிக்கப் போவுது.”

மே 28, செவ்வாய்

நாள் முழுக்க அந்தப் பாக்கலாம்.

நான் பெரியப்பாவின் மூன்று பேச்சையும் பிரித்தேன். அப்பாவின் ஒரு பேச்சைப் பிரிக்கவில்லை. பாக்கலாம் என்றால் சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அண்ணனுக்கு மரியாதை, எனக்கு இடம். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்திருக்கிறார். நான்தான் போய்த் தள்ளிச் சாத்திவிட்டேன்.

பருப்பு கேட்ட பெரியவரும் இப்போது புரிகிறார். அவருக்கும் இல்லை என்று தெரியும். சாயங்காலம் வரட்டுமா என்றால், நாளைக்கும் உன் கடைக்குத்தான் வருவேன் என்று சொல்கிறார். அப்பா வழியில் இருக்கிறது என்றால், வாருங்கள் என்கிறார். அவர்கள் பருப்பைப் பற்றியே பேசவில்லை! நான் குறுக்கே போய்ப் பருப்பைப் பேசினேன்.

எத்தனை பேர் எத்தனை காலமாக இப்படிப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். பயமாகவும் இருக்கிறது, கோவிலுக்குள் நிற்பது போலவும் இருக்கிறது.

ஆனால் அட்மிஷன் ஜூன் முதல் வாரத்தோடு முடிகிறது. கமலா அக்கா சொன்னாள்.

மே 30, வியாழன்

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள். சயான் வழியாக நடந்தே. கருவேப்பிலை, வாழைக்காய், அப்பாவுக்குப் பனங்கற்கண்டு என்று சொல்லித்தான் கிளம்பினாள். அதெல்லாம் வாங்கின பிறகு துணிக்கடை.

“நீலத்துல காட்டுங்க. வெளுக்காததா.”

கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். “ஸ்கூல் நீலமா அம்மா? எந்த ஸ்கூல்?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “அந்த நீலம்தான்” என்றாள். எதிர்ப்பக்கம் சுவருக்கு அப்பால் ஹைஸ்கூல் கட்டடம் தெரிந்தது. லீவு. கேட் பூட்டியிருந்தது.

துணி ரொம்பவே அதிகமாக வாங்கினாள். நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டே வீடு வந்தேன்.

மே 31, வெள்ளி

சாந்தாபாயிடம் தையல் மெஷின் இருக்கிறது. அம்மாவுக்கு மராத்தி தெரியாது, இந்தி நாலு சொல். சாந்தாபாய்க்குத் தமிழில் “நல்லாருக்கு” ஒன்றுதான். இதுவரை நான்தான் நடுவில் மொழிபெயர்ப்பாளர், பெருமையாக. இன்றைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

அம்மா என் இடுப்பில் துணியைப் பிடித்து நீளத்தைக் காட்டினாள். தரையில் புரண்டது.

“இத்னா லம்பா? காய்கோ?” என்றாள் சாந்தாபாய். இவ்வளவு நீளம் எதற்கு?

அம்மா துணியை மேலே மடித்தாள். இன்னொரு மடிப்பு. இன்னொன்று. என் தலைக்கு மேல் கையை வைத்து, கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்னும். “படா ஹோகா” என்றாள். வளர்வாள்.

சாந்தாபாய் மடிப்புகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவை, நீண்ட நேரம். அம்மாவின் கையை ஒருதடவை அழுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் ஞாயிற்றுக்கிழமை நடந்த எல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கும். மொழி தெரியாமல் கேட்டிருப்பாள். எவ்வளவு புரிந்ததோ. எல்லாம்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதைய நீளம் எட்டாவதுக்கு. ஒரு மடிப்பைப் பிரித்தால் ஒன்பது. அடுத்தது பத்து. அடுத்தது பதினொன்று. மெட்ரிக்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பாவாடையில் நாலு வருஷம் எழுதிவிட்டாள்.

ஜூன் 1, சனி

அம்மா பாவாடை ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள். நனைத்து, அப்பா சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் மேலே கொடியில் போட்டாள். வெளியே கொடி காலியாகத்தான் இருந்தது.

அப்பா வந்தார். சாப்பிட உட்காரும்போது தலையில் இடித்தது.

“என்னது இது?”

“பாவாட.”

“இம்புட்டு கனமா?”

“உள்ள மடிச்சுத் தச்சிருக்கு. வருசத்துக்கு ஒண்ணு பிரிச்சு விட்டுக்கிடலாம். வளர்ற பிள்ளதான.”

அப்பா எச்சில் கையோடு உட்கார்ந்தபடியே இடது கையால் மடிப்புகளைத் தடவினார். ஒன்று. இரண்டு. மூன்று. உதடு அசைந்தது.

“துணி கெட்டி” என்றார்.

“வெளுக்காதாம்” என்றாள் அம்மா.

“மோர் ஊத்து.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நான் பார்த்தேன், அது வாதம். இரண்டு பக்க வக்கீல்களும் பேசியாயிற்று, தீர்ப்பு மட்டும் பாக்கி. இந்த வீட்டில் இப்படி எத்தனை வாதம் நடந்திருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தபோது!

ஜூன் 2, ஞாயிறு

பெரியப்பா மறுபடி. வெயில் இல்லை, புழுக்கம். வானம் பாத்திரம் கவிழ்த்த மாதிரி.

பாவாடை கொடியிலேயே. அம்மா எடுக்கவில்லை. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு?”

அப்பா தொண்டையைச் செருமினார். “இவ அம்மா தெரியாம தச்சுப்புட்டாண்ணே. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறாரே! ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல், ரொம்பப் பணிவாக: “ஏட்டி, பெரியப்பாகிட்ட சொல்லு. அம்மா படிக்காதவ. புத்தியில்லாம செஞ்சுட்டான்னு.”

நான் வாய் திறக்கவில்லை. கற்றுக்கொண்டேன்.

“நல்ல துணி. வீணாப் போவுதேன்னுதான் பாக்கேன்” என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

பெரியப்பா எழுந்துபோய்த் துணியைத் தொட்டுப் பார்த்தார். மடிப்பையும். பெரிய கொல்லென்ற சிரிப்பு வரும்போல இருந்தது அவர் மீசைக்குள். வரவில்லை.

“தச்ச துணிய என்ன செய்ய முடியும்?” என்றார். “உன் வீட்டுக் காரியம். நீ பாத்துக்கோ.”

காப்பி வந்தது. அம்மா சர்க்கரை நிறையப் போட்டிருந்தாள்.

நான் மூலையில் உட்கார்ந்து மூவரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா தன் சொல்லை மாற்றவில்லை. பெரியப்பா விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா எதையும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை. குற்றம் முழுக்க அம்மா வாங்கிக்கொண்டாள், அப்பா திரும்பி வர வழி வேண்டும் என்பதற்காக. புத்தியில்லாதவளாம்! இப்படி ஒரு புத்தியை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

ஆனால் நீ பாத்துக்கோ என்றால் சரியா? அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஒன்றும் இல்லை. அப்பா காலையில் போனார், வந்தார், சாப்பிட்டார். கமலா அக்கா வந்து “சேந்துட்டியாடி?” என்றாள். “பாக்கலாம்” என்றேன். அவள் ஒருமாதிரி பார்த்தாள்.

தமிழ்ப் புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும். வைத்துக்கொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து பெரிய துளிகள் நாலு. தகரத்தில் சத்தம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிக் கத்தினார்கள். உடனே நின்றுவிட்டது.

அப்பா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார் என்று அம்மாவுக்குத் தகவல். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, விசேஷத்துக்குப் போடுகிறது. கையில் ஒரு குடை. புதுசு, சின்னது. அப்பாவின் குடையில் பாதிதான் இருக்கும். பிடி வளைவு என் உள்ளங்கைக்கு அளவு.

யாரிடமும் கொடுக்கவில்லை. பாவாடை கிடந்த கொடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். செருப்பைக் கழற்றினார்.

“சயான்ல ரோடு தோண்டிப் போட்டிருக்கான்” என்றார் அம்மாவிடம். “ஓரமாத்தான் நடக்கணும்.”

“சாப்பிட உக்காருங்க” என்றாள் அம்மா.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்த்துவிட்டீர்களா, சேர்த்துவிட்டீர்களா என்று. தட்டை எடுத்து வைத்தேன். தண்ணீர் வைத்தேன். ஆணிக்குப் பக்கத்தில் போய் நின்று, குடையை எடுக்காமல் ஒரு கம்பியை மட்டும் தொட்டுப் பார்த்தேன்.

“நல்ல கெட்டிக் கம்பி அப்பா” என்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

“நாலு வருசம் வரும்” என்றார்.